டிஜிட்டல் ஸ்கிராப்புக்: புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் உங்கள் பக்கங்களைப் பார்த்து ரசித்துவிட்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நானும் செய்து பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. போனில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. அலமாரியில் பாட்டி காலத்து ஆல்பம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் எழுத்தோடு, பிள்ளைகள் பின்னாளில் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு புத்தகம் செய்ய வேண்டும்.

எந்த மென்பொருள் என்று தெரியவில்லை. லேப்டாப் சாதாரணமானது, 8 ஜிபி ரேம். ஃபோட்டோஷாப் தொட்டதே இல்லை. 'கிட்' வாங்கியே ஆக வேண்டுமா? லேயர், மாஸ்க், பிஎன்ஜி என்று இங்கே பேசிக்கொள்வதில் பாதி புரிகிறது, மீதி சுத்தமாகப் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாமல் அடியிலிருந்து சொல்லுங்கள்.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

வாங்க வாங்க. மென்பொருளுக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதில் லேயர் உண்டா என்று மட்டும் பாருங்கள். லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. பின்னணி ஒன்றில், படம் ஒன்றில், ரிப்பன் ஒன்றில், எழுத்து ஒன்றில். எதை நகர்த்தினாலும் மற்றது அசையாது, எதை அழித்தாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். இந்த வேலையே அவ்வளவுதான்.

காசு செலவழிக்காமல் தொடங்க ஜிம்ப் போதும். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபிறகு, படத்துக்கு அடியில் போட்ட நிழலை அப்புறம் திரும்பத் திறந்து மாற்றிக்கொள்ள முடிகிறது. முன்பெல்லாம் நிழல் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். எதையும் இன்ஸ்டால் செய்யப் பிடிக்காதவர்களுக்கு ஃபோட்டோபீ இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், ஓரத்தில் விளம்பரம் வரும். காசு கொடுத்து வாங்குவதானால் ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ். ஆனால் 2025 பதிப்பிலிருந்து அது 3 ஆண்டு உரிமம்தான். முன்போல ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் கதை இல்லை. கேன்வா, வாழ்த்து அட்டை அளவு வேலைக்கு நன்றாகவே இருக்கும். நிழலையும் மாஸ்க்கையும் (படத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைப்பது) நாமே கையாள வேண்டும் என்று வரும்போது இடிக்கும்.

பக்க அளவு: வழக்கமாக 12 அங்குலத்துக்கு 12 அங்குலச் சதுரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், ஆக 3600×3600. உங்கள் லேப்டாப்புக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அந்த அளவில் பக்கம் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் நினைவகத்தில் ஏறக்குறைய 50 எம்பி பிடிக்கும். அப்படி 30 லேயர் சேர்ந்தால் மெஷின் இரைக்கத் தொடங்கும். 8 அங்குலச் சதுரம் என்றால் 2400×2400, பாதிக்கும் குறைவு. புத்தகம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை என்றால் அதிலேயே தொடங்குங்கள். ஆனால் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பெரிய பக்கத்தைப் பிறகு சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கினால் எல்லாம் மங்கும்.

தாளும்பசையும் எழுதியது:

வழக்கம்போல எதிர்க்கட்சி நான்தான். கத்தரிக்கோல் பிடிக்காத ஸ்கிராப்புக் என்ன ஸ்கிராப்புக்? தாளைத் தடவிப் பார்க்க முடியாது, பசை வாசம் வராது, ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்ட முடியாது. எல்லாம் செய்து முடித்ததும் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைல். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

மார்க் ட்வைன் 1873-இல் தானாக ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது தெரியுமா? பக்கத்தில் பசை ஏற்கெனவே தடவியிருக்கும், ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியதுதான். அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே பசையோடு போராடி அலுத்துப்போயிருக்கிறது. இருந்தாலும் ஒட்டுவதை அவர் விடவில்லை பாருங்கள்.

பழையபெட்டி எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்லும் சுகம் உண்மைதான். ஆனால் நிலாமுற்றம் பாட்டியின் ஆல்பத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். ஒரே ஒரு பிரதி இருக்கிற படத்தை எந்த தைரியத்தில் கத்தரிப்பது? ஸ்கேன் செய்துவிட்டால் அசல் உறைக்குள் பத்திரமாக இருக்கும், நகலை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அதுதான்.

நிலாமுற்றம், அந்த ஆல்பம் பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் அடியில் பிசுபிசுவென்று பசைக் கோடுகள் தெரிகிற வகையா? அப்படியானால் படத்தை நகத்தால் நெம்பி எடுக்காதீர்கள். பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பல படங்கள் கழன்று வரும். வராததை விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சலாக வரும். 300-இல் எடுத்தால் அதே அளவில்தான் அச்சிடலாம், 600 என்றால் இரு மடங்கு பெரிதாக்கவும் தாங்கும். முடிந்தால் டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கழியும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்க மறக்காதீர்கள். ஒரு தூசி 600 டிபிஐ-யில் மூக்கின் மேல் மச்சமாக வந்து உட்காரும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர், தேதி, ஸ்டூடியோ முத்திரை, சில சமயம் யாரோ பென்சிலில் கிறுக்கிய ஒரு வரி. பின்னால் எழுத உட்காரும்போது அதன் அருமை தெரியும்.

நிலாமுற்றம் எழுதியது:

அடேயப்பா, இவ்வளவு பதிலா! எல்லோருக்கும் நன்றி. ஆல்பம் அந்தப் பிசுபிசு வகையேதான். நூல் வேலை செய்தது, இரண்டு படம் மட்டும் அசையவில்லை.

ஜிம்ப் இறக்கிவிட்டேன். இலவச டெம்ப்ளேட் (படம், எழுத்து வைக்க இடம் வகுத்த மாதிரிப் பக்கம்) ஒன்றில் சாம்பல் நிறத்தில் வட்டம், சதுரம் எல்லாம் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் படம் வர வேண்டுமாம். நான் வைத்தால் வட்டத்தையே மூடிக்கொண்டு முழுச் செவ்வகமாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் சித்தி அனுப்பிய படம் ஒன்று போனில் பளிச்சென்று இருந்தது, பக்கத்தில் வைத்தால் தபால்தலை மாதிரி இத்துனூண்டு. இழுத்துப் பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது. ஏன்?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

சித்தி படம் முதலில். வாட்ஸப்பில் வந்ததா? சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு. 1600-ஐ 300-ஆல் வகுத்தால் 5 அங்குலத்துக்குச் சற்று மேலே. அதுதான் அந்தப் படத்தின் எல்லை. போன் திரை சின்னது, அதனால் அதில் பளிச்சென்று தெரிந்தது. சித்தியிடம் 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் அப்படியே வரும். எடுத்த தேதியும் அதற்குள் பத்திரமாக இருக்கும். சாதாரணமாக வரும் படத்தில் அதுவும் போய்விடுகிறது.

இப்போது வட்டம். அந்தச் சாம்பல் உருவம் வெறும் அச்சுதான், நம் படம் அந்த வடிவத்துக்கு அடங்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் படத்தை வட்டத்துக்கு மேல் லேயரில் வைத்து, லேயர் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டின் மேல் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் முடிந்தது. அதுதான் கிளிப்பிங் மாஸ்க்.

ஜிம்ப்பில் சுற்று வழி. படத்தை வட்டத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, முகம் எங்கே வர வேண்டுமோ அங்கே நிறுத்துங்கள். லேயர் பட்டியலில் வட்டத்தின் மேல் வலது கிளிக், 'ஆல்ஃபா டு செலக்ஷன்'. எறும்பு ஊர்வதுபோல வட்டத்தைச் சுற்றிக் கோடு ஓடும். இனி படத்தின் லேயரைத் தேர்ந்து, வலது கிளிக், 'ஆட் லேயர் மாஸ்க்', அதில் 'செலக்ஷன்'. வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் மறைந்துவிடும், அழியாது, மறையும். படத்தைச் சரியாக நிறுத்திய பிறகே மாஸ்க் போடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும்.

ஃபிரேம் வேறு கணக்கு. அதன் நடுவே ஏற்கெனவே ஓட்டை இருக்கும், படத்தை ஃபிரேமுக்குக் கீழ் லேயரில் தள்ளினால் போதும். ஃபிரேம், பூ, ரிப்பன் எல்லாம் பிஎன்ஜி ஆக வருவது இதற்காகத்தான். பிஎன்ஜி வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்திருக்கும். ஜேபெக்குக்கு அது தெரியாது, வெள்ளையைப் பூசிவிடும்.

சேமிக்கும்போது ஒரு குழப்பம் வரும். ஜிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப்தான் வரும், லேயரெல்லாம் அதில் இருக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் மட்டும் கையில் இருந்தால், நாளைக்கு ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் திருத்த வழியில்லை.

கோடுபோட்டநோட்டு எழுதியது:

கிட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, நான் சொல்கிறேன். கிட் என்பது ஒரே வண்ணக் குடும்பத்தில் சேர்த்துக் கட்டிய மூட்டை. பின்னணித் தாள்கள், பூ, பொத்தான், ரிப்பன் போன்ற எலிமென்டுகள், சில சமயம் எழுத்து வடிவங்களான ஆல்ஃபா. வண்ணம் தேர்ந்து பழக்கமில்லாதவர்களுக்கு உதவிதான், ஏனென்றால் அதற்குள் எதை எடுத்தாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

ஆனால் எனக்குத் தெரிந்த பலர் கிட் சேர்ப்பதிலேயே நின்றுவிட்டார்கள். இலவசம் என்று கண்டால் இறக்கி வைப்பார்கள், பிரித்துப் பார்க்கவும் நேரமிருக்காது. டிஸ்க் நிரம்பும், பக்கம் ஒன்றுகூட இருக்காது. அது தனியான ஒரு பொழுதுபோக்கு, ஸ்கிராப்புக் அல்ல. நிலாமுற்றம், இப்போதைக்கு ஒரே ஒரு கிட். அதை வைத்து நாலைந்து பக்கம் முடித்துவிட்டு, அடுத்ததைத் தேடுங்கள்.

இன்னும் சொல்லப்போனால் முதல் பக்கத்துக்குக் கிட்டே வேண்டாம். ஒரு படம், பின்னணிக்கு ஒரு நிறம், ஒரு பத்தி எழுத்து, போதும். படத்தைத் தேர்ந்தெடுக்கிற நேரத்தைவிட எழுதுவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். 'பாட்டியின் இனிய நினைவுகள், அன்பின் மறு உருவம்' என்று போட்டால் அது யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். 'கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுவார், எடுத்துக் கொடுத்தால் இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று நம்மையே திட்டுவார்' என்றால் அது உங்கள் பாட்டி. பேரப்பிள்ளைகள் படிக்கப்போவது அந்த வரியைத்தான், பூவை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஈரக்காகிதம் எழுதியது:

நோட்டு அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். 'கிட்டே வேண்டாம்' என்பதோடு மட்டும் சண்டை. வெற்று வெள்ளைச் சதுரத்தின் முன்னால் உட்கார்ந்து பயந்து ஓடிப்போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு படமும் ஒரு பத்தியும் வைத்து அழகாக முடிப்பது கைதேர்ந்தவர்கள் செய்வது. புதியவர் செய்தால் மொட்டையாகத் தெரியும், மனசு விட்டுப்போகும்.

டெம்ப்ளேட்டில் தொடங்கினால் படம் எங்கே, எழுத்து எங்கே, எவ்வளவு இடம் காலியாக விடுவது என்று யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்கள். அதில் படங்களை மாற்றி மாற்றிப் போடும்போதே, கண் ஏன் முதலில் அந்தப் பெரிய படத்துக்குப் போகிறது, ஏன் மூன்று பொத்தான் நன்றாக இருக்கிறது, நான்கு வைத்தால் ஏன் வரிசை கட்டி நிற்கிற மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் கைக்குப் பழகும். எல்லாமே ஒட்டித் தயாராக வருகிற குயிக் பேஜ் வேண்டாம், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. டெம்ப்ளேட் வேறு.

கோடுபோட்டநோட்டு எழுதியது:

சரி, டெம்ப்ளேட் இருக்கட்டும். ஆனால் அதில் 9 படக் கட்டம் இருக்கிறது என்பதற்காக 9 படம் தேடிப் போகிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? வேண்டாத கட்டத்தை அழித்துவிடலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

ஈரக்காகிதம் எழுதியது:

அது டெம்ப்ளேட்டின் குற்றமா அக்கா? 😄 கண்ணை மூடி அடித்தாலும் டெலிட் பட்டன் ஒன்றுதான் எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

பழையபெட்டி எழுதியது:

இவர்கள் சண்டை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா, நிலாமுற்றம், பழகிக்கொள்ளுங்கள். நடுவில் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. கிட்டைப் பிரித்ததும் உள்ளே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதைப் படியுங்கள். பெரும்பாலும் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருக்கும். உங்கள் பக்கத்தைச் செய்யலாம், அச்சிட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம், சிறிய ஜேபெக்காக இங்கே போடலாம். அந்தப் பூவையும் தாளையும் தனி ஃபைலாகத் தோழிக்கு அனுப்பக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்து கொடுப்பதற்கு வணிக உரிமம் தனி.

தேடலில் வருகிற படத்தையெல்லாம் 'சேவ்' கொடுத்து எடுத்துக்கொள்வது வேண்டாம். நெட்டில் கண்ணில் படுவதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

நிலாமுற்றம் எழுதியது:

மாஸ்க் வந்துவிட்டது! வட்டத்துக்குள் பாட்டி!

எழுத்தில் இரண்டு சந்தேகம். ஒன்று, தோழி வீட்டுப் பழைய ஃபோட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு தனியே, எழுத்து தனியே நிற்கிறது. 'கொலுசு' என்று அடித்தால் பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டு, எழுத்தளவு எவ்வளவு வைப்பது? 12 என்று வைத்தால் திரையில் எறும்பு மாதிரி இருக்கிறது.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

பழைய ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸுக்குள் 'டைப்' பகுதி இருக்கும். அங்கே எழுத்து எஞ்சினை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றோ, அடுத்து வந்த பதிப்பானால் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்றோ மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, புதிய ஃபைலில் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடத்துக்கு வந்துவிடும். ஜிம்ப்பில் இந்தத் தொல்லையே கிடையாது, யூனிகோட் தமிழ் தானாகச் சரியாக விழும். எதுவும் சரிப்படாத மெஷின் என்றால், ஜிம்ப்பில் எழுத்தை மட்டும் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து அங்கே கொண்டுபோய் வைக்கலாம். பிற்பாடு எழுத்துப்பிழை திருத்துவதுதான் வம்பு.

அளவுக்கு வருவோம். 300 பிக்சல் கணக்கில் 12 புள்ளி எழுத்து 50 பிக்சல் உயரம். ஜிம்ப் பிக்சலில் கேட்டால் 50 என்று கொடுங்கள். 3600 பிக்சல் பக்கம் உங்கள் திரைக்கு அடங்க ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும், அதனால்தான் எறும்பு. புதியவர்களின் புத்தகத்தில் எழுத்து பூதாகாரமாக வருவது இதனால்தான். திரையைப் பார்த்துக்கொண்டே பெரிதாக்கிவிடுவார்கள். ஒரு பத்தியை மட்டும் சாதாரணத் தாளில் அசல் அளவில் அச்சிட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கோடுபோட்டநோட்டு எழுதியது:

எழுத்துரு என் பேட்டை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக, அச்சுக்கும் அனுமதியோடு கிடைப்பவை: பத்திக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புக்கு பாலூ தம்பி 2 அல்லது கேட்டமரனின் தடித்த வடிவம், கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார். ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் போகாதீர்கள். மெல்லிய எழுத்தைக் கோடு, புள்ளி நிறைந்த தாளின் மேல் வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி எது, தாளின் புள்ளி எது என்றே தெரியாது. எழுத்துக்கு அடியில் வெற்றுத் தாளாக ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன். பாட்டி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற படம். ஈரக்காகிதம் சொன்னபடி டெம்ப்ளேட், நோட்டு அக்கா சொன்னபடி பத்தி. ஏதோ ஒன்று சரியில்லை, எது என்று சொல்லத் தெரியவில்லை. தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

ஈரக்காகிதம் எழுதியது:

நிழல்! படத்தின் நிழல் வலப்பக்கம் கீழே விழுகிறது, பூவின் நிழல் இடப்பக்கம். ஒரு அறையில் இரண்டு சூரியன். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, எல்லா நிழலையும் வலப்பக்கம் கீழே தள்ளுங்கள்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நிழல் கொடுத்திருக்கிறீர்கள். தாளின் மேல் ஒட்டிய தாள் எவ்வளவு உயரம் எழும்பும்? 3600 பிக்சல் பக்கத்தில் 6, 8 பிக்சல் தள்ளல் போதும். பொத்தான் தடிமன், அதற்கு 15, 20 வரை போகலாம். பூவுக்கு இன்னும் கொஞ்சம், ஓரம் மங்கலாக. நல்ல கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பில் 50 சதவீதம் வைத்தால் தாளோடு இழையும். தலைப்பு எழுத்துக்குப் போட்ட நிழலை எடுத்தே விடுங்கள். மையால் எழுதியதற்கு எங்காவது நிழல் விழுமா? அட்டையில் வெட்டி ஒட்டிய எழுத்தானால் மட்டும் நிழல்.

பழையபெட்டி எழுதியது:

படம் சிவந்திருக்கிறது. பழைய வண்ணப் படங்களில் சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முன்னால் மங்கிவிட்டால் இப்படித்தான் சிவப்பு தூக்கும். ஜிம்ப்பில் 'லெவல்ஸ்' திறந்து சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகப் போய், மலை மாதிரி தெரியும் வரைபடத்தின் இரண்டு ஓரத்துக்கும் முக்கோணங்களை நகர்த்துங்கள். தோல் நிறம் திரும்பும். முழுக்கப் புதிதாக்கிவிட வேண்டாம், கொஞ்சம் பழசாகத் தெரிவதுதான் அழகு. அந்த மூலைக் கீறலையும் நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

கோடுபோட்டநோட்டு எழுதியது:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்! யாரோ திடீரென்று கூப்பிட்டு எடுத்த படம். அதை ஒரு பூ பாதி மறைத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து பூவில் நாலை எடுங்கள், மீதி ஒன்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். படத்தை இடுப்பளவுக்கு வெட்டிப் பெரிதாக்குங்கள், 600-இல் ஸ்கேன் செய்ததால் தாங்கும். மெஷின் மேல் மடித்து வைத்த துணியின் நீலத்தைக் கலர் பிக்கரால் எடுத்துத் தலைப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பத்தி நன்றாக இருக்கிறது. 'எங்கள் எல்லோருடைய சட்டையிலும் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருக்கும்' என்ற வரியை எந்தக் கிட்டிலும் வாங்க முடியாது. ஆனால் பாட்டியின் பெயர் எங்கே? ஆண்டு எங்கே? 'பாட்டி' என்றால் உங்களுக்குத் தெரியும், உங்கள் பேத்திக்கு எந்தப் பாட்டி என்று எப்படித் தெரியும்?

நிலாமுற்றம் எழுதியது:

பெயர் எழுதவே தோன்றவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. ஆண்டு அம்மாவுக்கே நினைவில்லை. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் ஒரு மாதமும் இருக்கிறது, ஆண்டு இல்லை.

பழையபெட்டி எழுதியது:

அந்த மாதத்தை அப்படியே எழுதுங்கள். ஆண்டுக்கு 'ஏறத்தாழ' போட்டு, அம்மா எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். 'மாமா பிறப்பதற்கு முன்' என்பதும் ஒரு தேதிதான். அந்தப் பென்சில் வரியை ஸ்கேனிலிருந்து எடுத்துப் பக்கத்திலேயே வைக்கலாமே.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

அச்சுக்கு அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை. பெரும்பாலான அச்சகங்கள் எஸ்ஆர்ஜிபி நிறக் கணக்கில், உயர்தர ஜேபெக் கேட்கும். வேறு நிறக் கணக்கில் அனுப்பினால் நிறம் செத்துப்போய் வரலாம். ஓரத்தில் 1/8 அங்குலம் வெட்டுப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 38 பிக்சல். எழுத்தையும் முகத்தையும் ஓரத்திலிருந்து 150 பிக்சலாவது உள்ளே வையுங்கள். புத்தகமானால் நடுமடிப்பு கொஞ்சம் விழுங்கும், இரட்டைப் பக்கத்துக்கு நடுவே யாருடைய மூக்கும் வரக்கூடாது. திரை பின்னாலிருந்து ஒளிர்வது, தாள் அப்படியல்ல. இருட்டான படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள். முழுப் புத்தகத்துக்கு முன் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது உத்தமம்.

ஃபைல் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போட்டால் எல்லாம் தானாக வரிசையாக நிற்கும். பிரதி மூன்று இருக்கட்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே, தங்கை வீட்டு டிஸ்கிலோ கிளவுடிலோ.

தாளும்பசையும் எழுதியது:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனம் மாறிவிட்டேன் என்று யாரும் கொண்டாட வேண்டாம். ஆனால் அந்தப் பென்சில் வரி யோசனை பிடித்திருக்கிறது. என் அம்மா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது, மஞ்சளாகிப்போன தாள். அதில் இரண்டு வரியை மட்டும் எடுத்து, நல்ல தாளில் அச்சிட்டு, நான் கத்தரித்து என் ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். கடிதத்தைத் தொடாமல் செய்ய முடியுமா?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

முடியும் அக்கா, இதற்கு ஹைபிரிட் என்றே பெயர், பாதி திரை பாதி கத்தரிக்கோல். கடிதத்தை 600-இல் ஸ்கேன் செய்து, அந்த இரண்டு வரியை வெட்டி எடுங்கள். நிறத்தை நீக்கி, 'லெவல்ஸ்' திறந்து, தாளின் மஞ்சள் முழு வெள்ளையாகும் வரை வலது முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள், மை வெளிறாத அளவுக்கு மட்டும். பிறகு உங்களுக்குப் பிடித்த தாள் படத்துக்கு மேல் லேயரில் வைத்து, லேயரின் மோடை 'மல்டிப்ளை' ஆக்குங்கள். வெள்ளை காணாமல் போகும், கையெழுத்து மட்டும் தாளில் எழுதியதுபோல நிற்கும். அசல் அளவிலேயே வேண்டுமானால் அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு அளவை மாற்றும்.

தாளும்பசையும் எழுதியது:

வலது முக்கோணம், இடப்பக்கம். குறித்துக்கொண்டேன். ஸ்கேனர் கண்ணாடியையும் துடைத்தாயிற்று. அச்சிட எந்தத் தாள்? பளபளப்பு வேண்டாம், பசை பிடிக்காது.

பழையபெட்டி எழுதியது:

அமிலமில்லாத, பளபளப்பில்லாத கெட்டித் தாள் அக்கா. உங்கள் பிரிண்டர் எவ்வளவு கெட்டித் தாளை (கிராம் கணக்கில்) இழுக்கும் என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் என்றால் மை நன்றாகக் காய்ந்த பிறகு பசையை எடுங்கள், ஈரப்பசை வேண்டாம், அழுத்தி ஒட்டுகிற டேப் போதும்.